மாமன் சொன்ன மாத்திரை

நியூ ஜெர்சி
12.3.1994

அன்புத் தங்கை ஏஞ்சலினுக்கு,

அண்ணன் எழுதுவது. நலமாயிருக்கிறேன். இங்கே இன்னும் பனி விட்டபாடில்லை.

ஒரு நல்ல சேதி! மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோனை வெளியே வரவைக்கும் மாத்திரை ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் செய்திருக்கிறோம். நாய்களுக்குக் கொடுத்தோம், வேலை செய்கிறது. இனி மனிதர்களுக்கு. இரண்டே வருஷம் பொறு. நம் நான்சி தினமும் அந்த ஹார்மோன் ஊசிக்கு அழ வேண்டியதில்லை. மாமன் செய்த மாத்திரையில் மளமளவென்று வளருவாள், பார்!

உன் அண்ணன்
ஆண்டனிராஜ்

நாகல் நகர், திண்டுக்கல்
9.4.1994

பாசமுள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நான்சி பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். பதினோரு வயதில் ஆறு வயதுப் பிள்ளை மாதிரி இருக்கிறாளே என்று கேட்ட வாயெல்லாம் இப்போது உங்கள் பெருமையைத்தான் பேசுகிறது.

ஊசியை நிறுத்திவிட்டோம் அண்ணே. குத்திக் குத்திப் பிள்ளை தொடையில் இடமே இல்லை. டாக்டர் சத்தம் போட்டார். "தாய்மாமனே சொல்லிட்டாக, அப்புறம் என்ன டாக்டர்?" என்று கேட்டுவிட்டு உங்கள் மாப்பிள்ளை எழுந்து வந்துவிட்டார். செய்தது சரிதானே? நான்சியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.

தங்கை
ஏஞ்சலின்

நியூ ஜெர்சி
20.11.1998

ஏஞ்சலின்,

மாத்திரை ஆய்வைக் கம்பெனி நிறுத்திவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை, சுரப்பியில் இருப்பதைத்தான் வெளியே தள்ளும். நான்சியின் சுரப்பியில் ஒன்றுமே இல்லை. நான்கு வருஷத்துக்கு முன் நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். ஊரே பெருமையாகப் பேசுகிறது என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு சொல்ல வெட்கமாகப் போய்விட்டது. உடனே ஊசியைத் தொடங்கு. மருந்தை நானே அனுப்புகிறேன்.

ஆண்டனிராஜ்

நாகல் நகர்
14.12.1998

அண்ணனுக்கு,

மருந்து அனுப்ப வேண்டாம். மணிக்கட்டைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பின் வளரும் நுனி மூடிக்கொண்டது, இனி வளராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திரும்ப ஊசி போடவா என்று மூன்று கடிதம் எழுதினேனே, மூன்றுக்கும் "பொறு" என்றுதானே பதில் போட்டீர்கள்? கை கூசவில்லையா?

நான்சி போன வருஷமே பெரியவளாகிவிட்டாள். சேலை கட்டினால் கால் தடுக்கும், மாத்திரை வந்து கொஞ்சம் வளரட்டும் என்று சடங்கைத் தள்ளிவைத்திருந்தேன். உங்கள் கடிதத்தை அவளும் படித்தாள். "மாமாவுக்கு அப்பவே தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

தை மாதம் சடங்கு வைத்திருக்கிறோம். சேலையை வெட்டித் தைக்கக் கொடுத்தாயிற்று. மாமன் சீரை நம் பெரியப்பா மகன் ரொனால்டு கொண்டுவருவான். நீங்கள் வர வேண்டாம்.

இப்படிக்கு,
நான்சியின் அம்மா