என் மகள் அவுட் ஆகாதது பற்றி

அனுப்புநர்:
க. அமுதவல்லி,
க/பெ. கங்காதரன்,
புதுமேட்டுக்குப்பம்,
பழவேற்காடு அஞ்சல்,
பொன்னேரி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் அவர்கள்,
திருவள்ளூர்.

பொருள்: மாவட்டக் கோ-கோ அணிக்கு என் மகள் வைஷ்ணவி (ஏழாம் வகுப்பு) தேர்வானது சரியல்ல என்று தெரிவிப்பதும், அவளுக்கு மறு ஆட்டம் கேட்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் தாங்கள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்திருந்தீர்கள். கோ-கோ ஆட்டத்தில் உடன் ஓடிய பிள்ளைகள் எல்லாம் அவுட் ஆக, என் மகள் மட்டும் நேரம் முடியும்வரை நின்றாள். தாங்கள் கைதட்டி, அவளை மாவட்ட அணியில் சேர்த்துவிட்டுப் போனீர்கள். பெற்ற வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது.

2. எங்கள் ஊரில் ஏரியில் வலை வைக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை உண்டு. அதைப் பாடு என்போம். போன ஆடி மாதம் எங்கள் பாட்டில் வைத்த வலையை யாரோ அறுத்துவிட்டார்கள். என் கணவர் ஊர்க் கூட்டத்தில் சொல்லாமல் நேராகக் காவல் நிலையம் போய்விட்டார். அது ஊரை மதிக்காத செயல் என்று எங்கள் குடும்பத்தையே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். எங்களோடு ஒட்டுறவு வைப்பவர்களுக்கும் அபராதம்.

3. அதற்கான புகார் வேறு இடத்தில் இருக்கிறது. அதைத் தங்கள் தலையில் கட்டமாட்டேன். ஊர்க் கடையில் உப்பு தராவிட்டால் பழவேற்காட்டில் வாங்கிக்கொள்கிறேன். பேச ஆளில்லாவிட்டால் சுவரோடாவது சண்டை போடுவேன். என் வாய் ஊரறிந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும் ஐயா?

4. கோ-கோவில் தொட்டால்தானே அவுட்? அவளைத் தொட்டால் தன் வீட்டுக்கு அபராதம் வரும் என்று எந்தப் பிள்ளையும் தொடுவதில்லை. துரத்துவது போல் வந்து, கிட்டே நெருங்கியதும் வேறு பிள்ளை பக்கம் திரும்பிவிடுகிறார்கள். துரத்துகிற அணியில் சேர்த்தாலோ, இவள் முதுகில் தட்டி 'கோ' சொன்னாலும் உட்கார்ந்திருப்பவள் எழுவதில்லை. ஆகவே ஆசிரியர் இவளை எப்போதும் ஓடவே விடுகிறார். அவர்மேல் குறை சொல்லவில்லை. அவரும் இந்த ஊரில் காலம் தள்ள வேண்டும்.

5. தாங்கள் வந்துபோன மறுவாரம் அவள் வீட்டுக்கு வந்து, "யம்மா, இன்னிக்கு நான் ஓடவே இல்ல. சந்தியா எதிர்லயே நின்னுகினு இருந்தேன். அப்பவும் அவ தொடல" என்றாள். சந்தியா அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள்.

6. ஆடியிலிருந்தே அவளுக்குச் சாப்பாடு குறைந்துவிட்டது. இப்போது மீன் குழம்பு வைத்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறாள். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு, பிள்ளைக்கு உயரம் கூடியிருக்கிறது, எடை குறைந்திருக்கிறது, நன்றாக ஓடியாடினால் பசி எடுக்கும் என்றது. யாரோடு ஓடியாடுவது என்று சொல்லவில்லை.

7. தங்களை ஏமாற்றி வாங்கிய இடமாக இது இருக்க வேண்டாம். பொன்னேரியில் நடக்கும் பயிற்சிக்கு அவளை நானே அழைத்து வருகிறேன். எங்கள் ஊரை அறியாத பிள்ளைகளோடு அவளை ஒரு ஆட்டம் ஆடவிடுங்கள். தேறினால் வைத்துக்கொள்ளுங்கள், தேறாவிட்டால் நீக்கிவிடுங்கள், ஏன் என்று கேட்கமாட்டேன். எங்கள் வீட்டுக் கதையை மட்டும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். பாவம் பார்த்து யாரும் விட்டுவிடக் கூடாது. யாராவது ஒரு பிள்ளை அவளைத் துரத்திப் பிடித்து, முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி அவுட் ஆக்க வேண்டும். அதற்கு மட்டும் ஆவன செய்யும்படி கைகூப்பிக் கேட்கிறேன். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்ததும் சோறு கேட்பாள்.

இடம்: புதுமேட்டுக்குப்பம்
நாள்: 12.02.2025

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
க. அமுதவல்லி
(வைஷ்ணவியின் தாய்)