நான் கட்டிவைத்த ஜோடி

மார்ச் 3, திங்கள்

இன்று வந்த சூரை மீன் பாதி வெந்தும் பாதி வேகாமலும் இருந்தது. தோலை உரித்தால் சதையும் கூடவே வருகிறது. மேசையைச் சுற்றி முப்பது பெண்கள், ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. அவர்களைச் சிரிக்க வைப்பது என் வேலை. இந்த மீன் ஆலையில் பதினெட்டு வருஷமாக அதைச் சம்பளமில்லாமல் பார்க்கிறேன்.

மேற்பார்வையாளர் எலிசியோ சார் வந்தார். புதுப்பெண் ரோவெனாவின் தலைமுடி வலை கோணலாக இருக்கிறது என்று தன் கையாலேயே சரிசெய்தார். நாற்பத்தாறு வயதாகியும் கல்யாணமாகாத மனுஷன், என் சின்ன மகன் ஜோமாருக்கு ஞானத்தகப்பன் வேறு. விடுவேனா?

"சார், கல்யாண கேக்கு எத்தனை அடுக்கு சொல்லட்டும்?" என்றேன்.

மேசை முழுக்க "ஆயீ..." என்று இழுத்தது. ரோவெனாவும் சிரித்தாள். ஜோடி கட்டிவிட்டால் இங்கே சிரித்துத்தான் ஆக வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் தோற்றாள் என்று அர்த்தம், கேலி இரண்டு மடங்காகும். நல்ல பெண், சிரித்துவிட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

மேசையில் என் பக்கத்தில் நிற்கும் பெனிங்கின் பிறந்தநாள். தட்டு நிறைய பான்சிட் சேமியா கொண்டுவந்திருந்தாள். ரோவெனாவையும் சாரையும் ஒட்டி உட்கார வைத்தோம். "ரோவெனா, சாருக்கு இன்னும் கொஞ்சம் வைடி. பாவம், காத்தடிச்சா பறந்துருவாரு" என்றேன். அவர் வயிறு மேசையில் இடித்துக்கொண்டிருந்தது. பெனிங்குக்குப் புரையேறிவிட்டது.

அவர் ரோவெனாவின் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டார். அதற்கும் ஓர் ஆயீ. அவள் அப்புறம் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையோ என்னவோ.

மார்ச் 14, வெள்ளி

கை கழுவும் இடத்தில் ரோவெனா பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெலி அக்கா, அந்தக் கேலி இனி வேண்டாம்."

"ஏன்டி, வெக்கமா?"

"வெக்கம் இல்லக்கா."

நான் போய் அதையும் மேசையில் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

மார்ச் 26, புதன்

எலிசியோ சார் ரோவெனாவை எடை போடும் இடத்துக்கு மாற்றிவிட்டார், தன் கண்ணாடி அறைக்குப் பக்கத்தில். நாங்கள் எட்டு மணி நேரம் நிற்கிறோம், அங்கே நாற்காலி உண்டு. "ராணிக்கு நாற்காலி கெடைச்சாச்சு" என்றாள் பெனிங். "கிரீடம் நாளைக்கு வருது" என்றேன் நான்.

ரோவெனா இப்போதெல்லாம் எங்களோடு சாப்பிட வருவதில்லை. திமிர் என்கிறார்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

எழுதவே அருவருப்பாக இருக்கிறது. எழுதாவிட்டால் இன்னும் அருவருப்பு.

வேலை முடிந்து வெளியே வரும்போது பூட்ஸ் நனைக்கும் குளோரின் தொட்டி இருக்கிறதே, அங்கே. ரோவெனா சுவரோடு ஒட்டி நிற்கிறாள். அவர் பின்னால். ஒரு கை அவள் கழுத்தில், சட்டைக் காலருக்குள். இன்னொரு கை எங்கே இருந்தது என்று எழுத மாட்டேன். அவள் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊசி போடும்போது பிள்ளைகள் வேறு பக்கம் பார்க்குமே, அப்படி.

என்னைப் பார்த்ததும் அவர் கையை எடுக்கவில்லை. கண்ணடித்தார். "என்னக்கா, நீங்க சேர்த்து வெச்ச ஜோடிதானே" என்றார்.

நான் சிரித்தேன்.

ஆமாம், சிரிச்சேன். யாரும் சிரிக்கச் சொல்லல. பதினெட்டு வருஷப் பழக்கம், வாய் தானா சிரிச்சிருச்சு. ரோவெனா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவரை இல்லை. என்னை.

ஏப்ரல் 5, சனி

இரண்டு தடவை பல் துலக்கியும் வாய் நாறுகிற மாதிரியே இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

ரோவெனா ஆலை நிர்வாக அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். அங்கே கேட்டார்களாம்: "நீங்க ரெண்டு பேரும் ஜோடின்னு ஆலைக்கே தெரியுமே, இப்ப என்ன, சண்டையா?" ஈஸ்டர் புனித வாரம் முடிந்ததும் விசாரணை. எலிசியோ சார் தன் பக்கச் சாட்சியாக ஒரே ஒரு பெயர் கொடுத்திருக்கிறார். என் பெயர்.

சாப்பாட்டு நேரத்தில் அவளே என்னிடம் வந்தாள். "நீங்க பார்த்தீங்கக்கா. பார்த்ததை மட்டும் சொல்லுங்க, போதும்."

"உன் ஒப்பந்தம் எப்ப முடியுது?"

"மே பத்து."

ஐந்து மாத ஒப்பந்தக்காரி. புகார் பொய் என்று ஆகிவிட்டால் அவளுக்கு மே பதினொன்று கிடையாது. நான் நிரந்தரம். என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் எதுக்குப் பயப்படறே, பெலி?

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து வந்து பார்த்தால் அவர் என் வீட்டில். சுட்ட கோழி ஒன்று, ஜோமாருக்குப் புது ஷூ. என் வீட்டுக்காரர் நோனோய் அவருக்குக் காற்றாடியைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லுன்னு நான் கேக்கலையே, கொமாரே" என்றார். நாங்கள் சம்பந்திகளைப் போல, பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஆன உறவு. "வெறும் வேடிக்கைன்னு சொல்லுங்க. வேடிக்கைதானே? ஆரம்பிச்சது யாரு?"

பேசிக்கொண்டே ஜோமாரின் கழுத்தில் கையைப் போட்டார். அதே கை. அடுப்படிக்குப் போய் நின்றேன்.

அவர் போனபின் நோனோய், "நம்ம கும்பாரே, பையனோட ஞானத்தகப்பன், அவரை விட்டுக்கொடுத்தா ஊர்ல தலை காட்ட முடியுமா?" என்றார். கோழிக்கால் கடித்துக்கொண்டே கேட்டார். பதினாறு வருஷம் ஒரே படுக்கையில் கிடந்த மனுஷன். அந்தக் கோழியை நான் தொடவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

விசாரணை. மூன்று பேர், குளிர்சாதன அறை, என்மேல் மீன் வாடை. ஓர் அம்மாள் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"மிஸஸ் சலுடோ, அவங்க ரெண்டு பேரும் ஜோடியா?" என்று கேட்டார்கள்.

"இல்லைங்க. நான்தான் கட்டிவெச்சேன். அவ மார்ச் பதினாலாம் தேதியே வேண்டாம்னு சொன்னா. நான் கேக்கல."

எலிசியோ சார் சிரித்தார். "அக்கா எப்பவும் இப்படித்தான், தமாசு."

சரி, தமாசு என்னன்னு அவங்களும் கேக்கட்டும் என்று மேசையில் சொன்ன ஒவ்வொன்றையும் அதே குரலில் சொல்லிக் காட்டினேன். கேக்கு அடுக்கு, நாற்காலி, கிரீடம், எல்லாம். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் கேட்டபோது எனக்கே சகிக்கவில்லை. இதையா முப்பது பேர் நடுவில் தினமும் சொன்னேன்?

அப்புறம் தொட்டியருகில் பார்த்ததைச் சொன்னேன். இன்னொரு கையையும் சொன்னேன்.

மூக்கைத் தேய்த்த அம்மாள் கேட்டாள், "அதைப் பார்த்துட்டு நீங்க என்ன செஞ்சீங்க?"

"சிரிச்சேன்."

"ஏன்?"

என் பூட்ஸ் ஈரம் தரையில் போட்டிருந்த கோட்டைக் காலால் துடைத்தேன். அந்த அம்மாள் நான் சிரித்ததை எழுதிக்கொண்டாள். ரோவெனா எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மேசையில் என் இரண்டு பக்கமும் இடம் காலி. "மகனோட ஞானத்தகப்பனையே வெட்டிட்டா, நம்மளை விடுவாளா" என்று பெனிங் மீனைப் பார்த்துச் சொன்னாள். நானும் மீனைப் பார்த்தே, "உன்னை வெட்ட இந்தக் கத்தி பத்தாதுடி" என்றேன். ஒருத்தி சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டாள்.

மே 9, வெள்ளி

முடிவு ஒட்டியிருக்கிறார்கள். எலிசியோ சாரைத் துறைமுகத்துப் பக்கம் உள்ள குளிர்கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. அங்கேயும் பெண்கள் இருக்கிறார்கள். ரோவெனாவுக்கு லேபிள் ஒட்டும் பிரிவில் இன்னும் ஐந்து மாதம். மாற்றச் சொல்லிக் கேட்டது அவள்தானாம், இந்த மேசைப் பக்கமே வேண்டாம் என்று.

ஜோமார் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். கழற்றச் சொல்ல வாய் வரவில்லை.

மே 16, வெள்ளி

நம்ம பெனிங் புது மெக்கானிக்கையும் கேன்டீனில் சோறு பொங்கும் பெண் ஒருத்தியையும் ஜோடி கட்ட ஆரம்பித்திருக்கிறாள். ஆயீ என்றார்கள். இழுத்துவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அடுத்த வரிக்கு. நாக்கு நுனியில் ஒன்று இருந்தது, நல்ல வரிதான். "அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டீங்களாடி?" என்றேன். சப்பென்று போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் ஜீப்னி வண்டியில் ரோவெனா ஏறினாள். என் பக்கத்தில் இடம் இருந்தது. அவள் கடைசியில், வாசலோரம் நெருக்கி உட்கார்ந்துகொண்டாள். அவள் கொடுத்த கட்டணம் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. டிரைவரிடம் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையை அதே வழியாகத் திருப்பி அனுப்பினேன்.

"நன்றி, மிஸஸ் சலுடோ" என்றாள் அங்கிருந்து.

"சரிம்மா" என்றேன். அவள் இறங்கும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.