கம்பெனி பஸ்ஸில் ரத்தக்காட்டேரி

ஜூலை 7, திங்கள்

விடியும்போதே புழுக்கம். ஆறு மணி கம்பெனி பஸ். செங்கல்பட்டிலிருந்து மறைமலைநகர் வரைக்கும் பதினோரு வருடமாகக் கதை சொல்வது நான்தான். சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் பல்செட்டே கழன்று விழுந்திருக்கிறது.

இப்போது ஸ்டோர்ஸுக்குப் புதிதாக வந்த ஜரீனா ஒரு நாவலை உரக்கப் படிக்கிறாள். பல்லவர் காலத்து ரத்தக்காட்டேரி. மாமல்லபுரத்துக் குகையில் பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் கல் செதுக்கல், தாகம் வந்தால் கழுத்தில் கடி. இரண்டு வாரமாக எல்லோர் கழுத்தும் அவள் பக்கம்தான். என் பக்கத்து சீட்டு குமார்கூட.

எனக்கு என்ன குறைச்சல்? நான் எட்டாவதோடு நின்ற அன்று ஹெட்மாஸ்டரே அழுதார்.

ஜூலை 8, செவ்வாய்

பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து சொல்லிவிட்டேன்.

"அந்தச் சிற்பி எங்க அம்மா வழி சொந்தம்."

குமார்: "அதான் கேண்டீன்ல தக்காளி ரசத்த டம்ளர் டம்ளரா குடிச்சிகினு கீறியா அண்ணாத்த?"

பஸ்ஸே சிரிப்பு. சிரிக்கட்டும், என்னைப் பார்த்துத்தானே. ஜரீனா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நீங்களே சொல்லுங்கண்ணா, குகைப் பக்கம் வர்ற அந்தப் பூக்காரப் பொண்ணக் கடிப்பாரா?"

"சேச்சே. எங்க குடும்பத்துல பொம்பள மேல கை வெக்க மாட்டாங்க."

ஜூலை 9, புதன்

கடித்துவிட்டான். பெண் செத்தேபோனாள்.

எல்லாத் தலையும் என் பக்கம். பின் சீட்டு சரோஜா அக்கா: "தூ, குடும்பமாய்யா அது!"

"நாலு நாள் பட்டினிக்கா அவரு." எடுபடவில்லை. குமார் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான். பரனூரிலிருந்து தனியாக நான்.

ஜூலை 10, வியாழன்

தப்பு கண்டுபிடிக்கலாமென்று புத்தகத்தைக் கேட்டேன். உடனே கொடுத்துவிட்டாள். அதுவும் எரிச்சல்.

வீட்டில் படித்தேன். பொடி எழுத்து. பெண்டாட்டி மல்லிகா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னாய்யா, புக்கு படிக்கிற? ஒடம்பு சரியில்லியா?" அவளுக்கு என் படிப்பு தெரியாது.

ஒரு வரி. அவன் உளி ஓய்ந்தபோதுதான் கடல் இருப்பது கேட்டதாம். நூறு தடவை மாமல்லபுரம் போனவன் நான். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

ஜூலை 11, வெள்ளி

தூறல். புத்தகத்தை ஜரீனாவிடம் திருப்பிக் கொடுத்தேன். கடைசி அத்தியாயம். அந்தப் பெண்ணையே சிலையாகச் செதுக்கிவிட்டு, அதன் காலடியில் உட்கார்ந்தவர் விடிந்தும் எழுந்திருக்கவில்லை. வெயில் பட்டது. சாம்பல்.

கேட் வந்தது. ஒருவரும் இறங்கவில்லை. சரோஜா அக்கா வந்து என் கையைப் பிடித்தாள். "போனவரத் தப்பாப் பேசிட்டேன். மனசுல வெச்சிக்காத நைனா."

குமார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "காரியம் என்னிக்கு அண்ணாத்த?" கேலிதான். ஆனால் கண் சிவந்திருந்தது.

ஜரீனா புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பினாள். "நேர்ல எப்படி இருப்பாருண்ணா?"

"நல்ல ஒசரம். கை பூரா கல்லுத் தூசி."

யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.