உன் வீட்டில் தங்கச்சியைக் குடிவைத்தது பற்றி

அன்பு மகள் நபீலாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உம்மாவும் சுகம், நீயும் மருமகன் பஸாலும் பிள்ளை அம்ஹாவும் மெல்பர்ன் குளிரில் சுகமாக இருக்க ஐந்து வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறோம். போனில் உன் குரலைக் கேட்டதும் மழை, வெயில் என்று கதையை மாற்றிவிடுகிறேன், அதுதான் கடிதம்.

நாங்கள் கல்முனை டவுனை விட்டு நாவிதன்வெளி ரோட்டில் வயலை மண் போட்டு நிரப்பிக் கட்டிய வீட்டுக்கு வந்து மூன்று மாதம். ஏன் என்று நீ கேட்டபோது நல்ல காற்று, ஆட்டோச் சத்தம் இல்லை, உம்மாவுக்கு மூச்சு முட்டு வருத்தம் குறைவு என்றேன். இந்தப் பக்கம் குடிவந்த எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். உண்மை வேறு, மகள். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தானே நம் ஊரில் கலியாணம், ஒவ்வொருத்தரும் வீட்டு வளவைத் துண்டு துண்டாகப் பிரித்து இப்போது டவுனில் மையித்தை அடக்கத்துக்குத் தூக்கும் சந்தூக்கைத் திருப்பக்கூட ஒழுங்கையில் இடமில்லை. அதனால்தான் உன் தங்கச்சி சிபானாவுக்கென்று இந்த வயல் துண்டில் வீடு கட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்றைக்கென்று மழை, வாசலில் கணுக்கால் தண்ணீர். மாப்பிள்ளையின் தாய் சுபைறா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, மாரியில எங்கட மகன் தோணியிலயா வாற, டவுன் வீடெண்டா நாளைக்கே நிக்காஹ் வைப்பம் என்றா. நான் ஓம் என்றேன். அந்த டவுன் வீடு உன் கலியாணத்துக்கு உன் பெயரில் எழுதித் தந்தது, நீ போன பிறகு நாங்கள் காவலுக்கு இருந்தவர்கள். அது தெரிந்தே சொன்னேன்.

சிபானாவுக்கு முப்பத்தொன்று, இரண்டு இடம் தட்டிப்போனது, அதைச் சாட்டாகச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. கேட்டிருந்தால் நீ தந்திருப்பாய் என்று உம்மா அழுகிறா. தரமாட்டாய் என்று பயந்துதான் நான் கேட்கவில்லை. சிபானா கொஞ்ச நாளைக்குத்தான் டவுன் வீட்டில் இருக்கிறாள் என்று உன்னிடம் சொன்னதும் பொய். இப்போது மாப்பிள்ளை வீட்டார் சிபானா பெயரில் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கேட்கிறார்கள். நீ ஓம் என்றால் மட்டும் மாற்றி எழுதலாம். இல்லையென்றால் நானே போய் சுபைறாவின் முகத்துக்கு நேரே சொல்வேன், அந்த அவமானம் எனக்கு வேண்டியதுதான். சிபானா பாவம், கூடப்பிறந்த ராத்தா மனமுவந்து தந்தா என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். நிக்காஹ் சபையிலும் நான் அப்படித்தான் சொன்னேன். உடனே மௌலவி உன் பெயரைச் சொல்லித் துஆ கேட்டார், சபையே ஆமீன் சொன்னது. நானும் சொன்னேன் மகள், எல்லாரையும் விடச் சத்தமாக.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் பரக்கத் செய்யட்டும். அம்ஹாவுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு விடு. உம்மாவைக் கோபிக்காதே, அவ வேண்டாம் என்றுதான் சொன்னா.

உன்னிடம் கேளாமல் கொடுத்த
வாப்பா அச்சிமுகம்மது