பாதிச் சவரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஆறு பேர். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் நோயாளிகளைக் குளிப்பாட்டி, முடி மழித்து, பச்சை அங்கி மாட்டி அனுப்புவது என் வேலை. வார்டில் எனக்கு 'ஸ்நானகர்' என்று பட்டப்பெயர், இயேசுவுக்கு முன்னால் வந்து ஜனங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானின் பெயர். கிண்டல்தான், ஆனாலும் உள்ளூரப் பிடிக்கும். ஞானஸ்நானம் எடுத்த அன்று போதகர் என் தலையில் கை வைத்து, மற்றவர்களை இரட்சிப்புக்கு ஆயத்தப்படுத்தும் தீர்க்கதரிசன அழைப்பு உனக்கு என்றார். அதற்கேற்ற வேலைதான் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மார்ச் 5, புதன்

எழுதக் கை வரவில்லை. இந்த நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

நேற்று ஒரு லாரி டிரைவர். வயிற்றில் கட்டி. கலகலப்பான ஆள். "நல்லா வழிச்சு விடு தம்பி, மாப்பிள்ள மாதிரி உள்ள போகணும்" என்றார். பாதி வயிறு மழித்திருந்தேன். வழக்கம்போல மெதுவாகக் கேட்டேன்: "அண்ணே, ஆண்டவரச் சந்திக்க ஆயத்தமா இருக்கீங்களா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "டாக்டர் ஒங்கிட்ட எதாவது சொன்னாரா?"

இல்லண்ணே, இது எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்— என்று நான் முடிப்பதற்குள் நுரையோடு சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டே போய்விட்டார்.

தலைமை நர்ஸ் கத்தவில்லை. "முடிய வழின்னுதான் ஒன்ன வச்சிருக்கு. வழி காட்டச் சொன்னது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

போதகரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "வார்த்தை உள்ள போய்க் குத்திடுச்சு பாருங்க. அடுத்த வாரம் சபை முன்னால சாட்சியா சொல்லுங்க."

எதைச் சாட்சி சொல்வது? கட்டியோடு ஒரு மனிதன் ஓடியதையா? வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி, "அந்த ஆளப் போய்ப் பாத்தீங்களா?" என்றாள். நான் பார்க்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சாட்சி சொல்ல எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 22, சனி

பதிவேட்டில் முகவரி பார்த்து டிரைவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தினார். "ஆஸ்பத்திரின்னாலே பேயறஞ்ச மாதிரி ஆயிடறாரு. அப்படி என்னதான் சொன்னீங்க?"

உள்ளே அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆபரேஷனுக்கு வந்துவிடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஆண்டவர் பேரையே எடுக்கவில்லை.

மே 12, திங்கள்

நான் ஏழு தடவை போய் நின்ற பிறகு டிரைவர் இன்று ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் வரை பரவிவிட்டதாம். "அன்னைக்கே எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மே 13, செவ்வாய்

முழங்காலில் நின்றேன். ஜெபம் வரவில்லை. இத்தனை வருஷத்துல ஒருத்தரையும் நான் ஆயத்தப்படுத்தல. ஒருத்தரக் கொன்னுட்டேன். இதுக்கா ஆண்டவரே என்னக் கூப்பிட்டீரு? வேற ஆளே கெடைக்கலயா?

ஜூன் 7, சனி

டிரைவர் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறார். தாடி மண்டியிருந்தது. "அன்னைக்குப் பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். மூஞ்சியாவது முழுசா வழிச்சு விடு" என்றார்.

ஒரு கன்னம் முடிந்தது. "இப்பக் கேளு" என்றார்.

"என்னண்ணே?"

"அன்னைக்குக் கேட்டியே, அத."

கேட்க முடியவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். என்ன மன்னிச்சிருங்கண்ணே என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. நுரை காய்ந்துபோனது.

"நீயே ஆயத்தமா இல்ல போலிருக்கே."

இல்லை என்று தலையாட்டினேன்.

"நானும் இல்ல. பயமாத்தான் இருக்கு. சரி, மிச்சத்த வழி. நாளைக்கும் வா. ரெண்டு பேருமா சேந்து ஒன் ஆண்டவருகிட்டயே கேட்டுப் பாப்போம்."

மறுபடியும் நுரை போட்டு, மறு கன்னத்தை மழித்தேன்.