மீராவின் வெயிலுக்கு ஒரு குடை

நாள் 1, காலை 7.10

பிரபஞ்சத்தின் மேலான கவனத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: மீரா நோக்கு நிலையத்தில் மீதமிருக்கும் ஒரே மாவடு பாட்டில், இன்று முதல் அதியன், வயது பதினாறு, என்பவரின் தனிச்சொத்தாகிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் வரவும்.

வரமாட்டார்கள். நேற்று மாலை எல்லோரும் விண்கப்பல் ஏறிவிட்டார்கள். ஓட்டுவது என் அக்கா இசைவாணி. காரணம் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. மீரா: மூச்சு விடுவதுபோல் வீங்கி வடியும் நட்சத்திரம், சிவப்பு அரக்கி. பூமியிலிருந்து பார்த்தால் கொஞ்ச காலம் வெறுங்கண்ணுக்கே தெரிவாள். அப்புறம் ஆளையே காணோம். வருகைப் பதிவில் என்னைவிட மோசம். இந்த முறை கணக்கை மீறி வீங்குகிறாள். நிலையம் தாங்காது என்று கிளம்பிவிட்டார்கள்.

நான் கிளம்பவில்லை. யாராவது ஒருவர் அவளை நின்று முறைக்க வேண்டாமா? நானாகவே நின்றேன். இதைக் கண்டெடுப்பவர் எனக்குச் சிலை வைப்பதானால், மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கவும்.

நாள் 1, மாலை 5.30

இரண்டு குளிரூட்டிகளில் ஒன்று நின்றுவிட்டது. சுவரில் தோசை வார்க்கலாம். மாவுதான் இல்லை.

நிலையத்தின் ஆண்டெனா ஒரு கபடி மைதானம் அகலம் இருக்கும். அதைத் திருப்பி மீராவுக்கும் எனக்கும் நடுவில் நிறுத்தினேன். குடை! வெக்கை உடனே தணிந்தது. இது ஒரு பெரிய மனிதருக்கும் தோன்றவில்லை. மீராவுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

ஒரே ஒரு சங்கடம். குடையாக இருக்கும்வரை ஆண்டெனா பேசாது. பேச வேண்டுமானால் கப்பல் பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினால் வெயில் முழுக்க என் தலையில்.

நாள் 2, காலை 8.00

ஜன்னல் முழுக்க அவள்தான். ஓரமே தெரியவில்லை. குடையின் விளிம்பு வளைய ஆரம்பித்துவிட்டது. இன்று மாலை கப்பல் பெரிய இயந்திரத்தை முடுக்கும். அப்புறம் அக்கா நினைத்தாலும் திரும்ப முடியாது.

பயமெல்லாம் இல்லை. சும்மா, நலம் விசாரிக்கக் குடையை மடக்கினேன். அனுப்பியது:

"வாணிக்கா, அதியன் பேசறேன். நிலையத்துலதான் இருக்கேன். வேற வேலை இல்லைன்னா அப்படியே திரும்பி வந்து கூட்டிட்டுப் போறியா?"

நாள் 2, காலை 8.50

பதில் வந்தது:

"அடப்பாவி! கிளம்பறதுக்கு முன்னாடி குரலைப் பதிஞ்சு வச்சுட்டு வந்திருக்கான் பாரு. ஒரு நிமிஷம் உசுரே போயிடுச்சு. அவன் இங்க கேபின் கதவைச் சாத்திட்டுப் படுத்திருக்கான். இப்பக்கூடக் கூப்பிட்டேன், 'உள்ளேன் அக்கா'ன்னான். மெசினு, நீ வை."

நான் மெசினாம்.

நாள் 2, காலை 9.15

இரண்டாவது குளிரூட்டியும் போய்விட்டது. குடையைத் திரும்ப விரிக்கவில்லை. வெந்தாலும் சரி, பேசியே தீருவேன். மீரா, நீ எவ்வளவு வேண்டுமானாலும் ஊது. அனுப்புவது:

"அக்கா, வைக்காதே. அங்கே இருக்கறதுதான் மெசின். காலைல எழுந்திரிக்கச் சோம்பல்பட்டு, வருகைப் பதிவுக்குப் பேர் கூப்பிட்டா என் குரல்ல பதில் சொல்றமாதிரி கம்ப்யூட்டர்ல போட்டு வச்சேன். கப்பல்லயும் அதே கம்ப்யூட்டர்தான். என் வாழ்க்கையோட சிறந்த குறும்பு, என் எடத்துல படுத்து ஊருக்குப் போகுது.

நம்பலையா? அவனைத் திட்டிப் பாரு. நல்லாத் திட்டு. திருப்பித் திட்டாம அடக்கமா 'உள்ளேன் அக்கா'ன்னு சொன்னா, அது உன் தம்பியா? நீயே சொல்லு.

இன்னொண்ணு. மீராவை மொறைக்க நானா நின்னேன்னு குறிப்புல எழுதியிருக்கேன். பொய். நீங்க கெளம்பினப்போ குளிர் கிடங்குல, மாவடுப் பெட்டிக்குப் பின்னாடி… தூங்கிட்டேன். எழுந்து பார்த்தா யாரும் இல்ல. அழுதேன். அதையும் எழுதல.

கதவைத் தொறந்து பாரு அக்கா. நான் இங்க… நெசமாவே உள்ளேன்."