ஒன்பதாம் தேதி தீர்ந்துபோன அன்லிமிடெட்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நான், அப்பா, உன் தங்கை மூன்று பேரும் நலம். வீட்டுக்கு வந்த கறுப்புப் பெட்டி மட்டும் கொஞ்ச நாள் நலமில்லாமல் கிடந்து, அதைத் தந்த மகானுபாவனின் யோக்கியதையையும் காட்டிவிட்டுத்தான் தேறியது. போனில் சொல்லலாம் என்றால் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

வயர் கம்பெனிக்காரன் மாவு மில் வரைக்கும் வந்து நின்றுவிட்டான் என்பது உனக்குத் தெரியும். மில்லுக்கு அப்புறம் நம் வீட்டோடு சேர்த்து ஏழே வீடு. ஏழு வீட்டுக்காக அவன் கம்பம் நட மாட்டானாம். சரி, சிம் போட்ட பெட்டி வாங்கி வைத்தால் அதிலிருந்தே வீடு முழுக்க நெட் வரும் என்று நீதான் சொன்னாய். டவுனில் இருந்து ஒருவன் வந்தான். கழுத்தில் டை, வெயிலில் வியர்த்து வழிகிறது, அதைத் தளர்த்தக்கூட மனசில்லை. நம் கூடத்தை ஒரு சுற்று பார்த்தான், பெட்டியை ஸ்டீல் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து, பச்சை விளக்கு எரிந்ததும் கைகுலுக்கினான். மாதம் முழுக்க அன்லிமிடெட், முடிவே கிடையாது என்றான். இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள் நான். பாஸ் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பையைத் துழாவுகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இவன் முகமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் உன் அப்பா அதற்குள் அவனுக்கு மோர் கொடுத்து மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்துவிட்டார், நான் என்ன சொல்ல.

ஒன்பதாம் தேதி காலையில் நெட் நொண்ட ஆரம்பித்தது. உன் தங்கையின் வேலை எப்படிப்பட்டது என்று உனக்கு எவ்வளவு தெரியுமோ எனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். காது கேட்காதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் பேசுவது அவர்களுக்குப் புரிய வேண்டுமே. அங்கே ஒரு திரையில் இவள் தெரிவாள். டாக்டர் வாயால் சொல்வதை இவள் கையால் சொல்வாள், அவர்கள் கையால் சொல்வதை இவள் வாயால் சொல்வாள். பின்னால் ஒரே நிறத்தில் துணி தொங்க வேண்டும், முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், படம் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. பேச்சில் ஒரு சொல் விட்டுப்போனால் ஊகித்துக்கொள்ளலாம், கை பாதியில் நின்றுவிட்டால் அது வேறு சொல்லாகிவிடும் என்பாள்.

கம்பெனிக்குப் போன் செய்தாள். அரைமணி நேரம் பாட்டு கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் வந்து பெட்டியை அணைத்துப் போடச் சொன்னாள். அணைத்துப் போட்டாள். மறுபடி கூப்பிட்டால் வேறொரு பெண், மறுபடி அணைத்துப் போடச் சொன்னாள். நீயும் அதையேதான் சொன்னாய். அந்தப் பெண்ணுக்காவது அது சம்பளத்துக்குப் படித்த பாடம், உனக்கு என்ன வந்தது. பத்தாம் தேதி இரண்டு முறை படம் நின்றதும் ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் ஏற்பாடு செய்கிற அம்மாள், இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நயமாகச் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் நீ கூப்பிட்டபோது நான் இதைச் சொன்னேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு டவுனுக்குப் போங்கள், வயர் வராத இடத்தில் என்ன வாழ்க்கை என்றாய். அதோடு விட்டிருக்கலாம். "கை ஆட்டுற வேலைக்கு எதுக்கும்மா இவ்ளோ ஆர்ப்பாட்டம்" என்றும் சொன்னாய். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற அல்ல, அவள் சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

பதினொன்றாம் தேதி காலை படம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. வேறு ஆள் யாரும் கிடைக்கவில்லை, அவசரம், நீயே வா என்று அந்த அம்மாள் கேட்டதால் இவள் உட்கார்ந்தாள். யாருக்கு என்ன நோய் என்று இவள் வீட்டில் சொல்லவே மாட்டாள், அது அவர்கள் தொழில் தர்மம். இது நடந்துபோனதால், பெயரும் ஊரும் சொல்லாமல் கொஞ்சம் சொன்னாள். அவர் ஒரு தச்சர். பிறவியிலேயே காது கேட்காது. எழுத்தும் அவ்வளவாக வராது. மர இழைப்பு மெஷினில் இடது கை மாட்டிக்கொண்டிருக்கிறது. மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்தே ஆக வேண்டும், தாமதித்தால் விஷம் கை முழுக்க ஏறிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். இவள் அதைச் சொல்லத் தொடங்கினாள். கை என்று காட்டினாள், வெட்டுவது என்று காட்டினாள், எந்த விரல் என்று காட்டுவதற்குள் படம் நின்றுவிட்டது. உடனே ஏற்பாட்டு அம்மாள் இவள் போனுக்குக் கூப்பிட்டார். நம் வீட்டில் ஒரு கோடு சிக்னலில் பாதிக் குரல்தான் வரும், ஆனாலும் இது கேட்டது. "உன் படம் மணிக்கட்டுல வெட்டுற மாதிரியே நிக்குதும்மா. அந்த ஆளு நாற்காலியத் தள்ளிட்டு எழுந்துட்டாரு, போறேங்கிறாரு."

யோசித்துப் பார். காது கேட்காத மனிதனுக்குக் கைதான் நாக்கு. கையால்தான் தொழில், கையால்தான் பெண்டாட்டி பிள்ளையோடு பேச்சு. முன்பின் தெரியாத ஒரு பெண் திரையில் வந்து உன் கையை வெட்டப்போகிறோம் என்று சொல்லிவிட்டு அப்படியே சிலையாக நிற்கிறாள். எவன் உட்கார்ந்திருப்பான்.

உன் தங்கை அழவில்லை. பெட்டியை உதைப்பது போலப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் லேப்டாப்பை மூடு, வா என்றேன். எங்கே என்றாள். மேட்டுத் திருப்பத்துக்கு என்றேன். அந்த ரூட்டில் நான் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேன். மில்லைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கியதும் பஸ்ஸில் எல்லார் போனும் செத்துவிடும், மேட்டுத் திருப்பத்தில் ஏறியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் அடிக்கும். நான் ஊதுகிற விசில் டிரைவருக்குக் கேட்காது. அந்த டை கட்டினவன் அவனுடைய டவரைப் பற்றிப் படித்ததைவிட நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டே தெரிந்துகொண்டது அதிகம். ஏற்பாட்டு அம்மாளிடம் பத்து நிமிஷம் அவரைப் பிடித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு, கொடியில் காய்ந்த கருநீலப் போர்வையை உருவிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வழியில் அவள் என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது.

திருப்பத்தில் மைல்கல்லில் லேப்டாப்பை வைத்து, அவள் போனிலிருந்து நெட்டைக் கொடுத்து, அவள் கீழே மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் போர்வையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பார்க்கக் கூடாது என்று அவள் உத்தரவு. முப்பத்தைந்து நிமிஷம். ஒரு லாரிக்காரன் வண்டியை நிறுத்தி ஷூட்டிங்கா என்று கேட்டான். நான் பார்த்த பார்வையில் கியரைப் போட்டான். அந்தத் தச்சர் அதற்குள் வாசல் வரை போயிருக்கிறார், நர்ஸ் ஒருத்தி கதவை மறித்து நின்றிருக்கிறாள். திரையில் இவள் அசைவதைப் பார்த்துத்தான் திரும்பி வந்தாராம். இரண்டு விரல்தான், கை இல்லை என்று இவள் சொன்னாள். அவர் நம்பவில்லை. எந்த விரல் என்று நாலு தடவை கேட்டார். அப்புறம் அவர் கேட்டதுதான் கேள்வி. அந்த இரண்டும் போனால் நான் எப்படிப் பேசுவேன் என்று கேட்டிருக்கிறார். உன் தங்கை என்ன செய்தாள் தெரியுமா. தன் இடது கையில் அந்த இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டாள். மீதி மூன்று விரலோடு அவரிடம் பேச ஆரம்பித்தாள். உங்கள் பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், கடைசியாக என்ன செய்து கொடுத்தீர்கள் என்று சாதாரணப் பேச்சு. அவருக்கு எல்லாமே புரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் கட்டுக்குள் இருந்த கையைத் தூக்கி அதே மாதிரி பதில் சொல்லியிருக்கிறார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிச் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

இதுதான் நீ சொன்ன கை ஆட்டுகிற வேலை.

அடுத்த நாள் நான் டவுனுக்குப் போய் அந்தக் கம்பெனி ஆபீஸில் நின்றேன். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், நாற்காலிக்கு ஒரு டை. நம்மவனைக் கண்டுபிடித்து அன்லிமிடெட் என்றாயே என்று கேட்டேன். ஒன்பதாம் தேதியோடு வேகமான டேட்டா தீர்ந்துவிட்டதாம், அதற்கப்புறம் மெதுவாக வருமாம். எச்சரிக்கை அனுப்பினோமே என்றான். எங்கே அனுப்பினாய் என்றால் பெட்டிக்குள் இருக்கிற சிம்முக்கு அனுப்பியிருக்கிறான். பெட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அந்தப் படிப்பாளிக்குத் தோன்றவில்லை. "அன்லிமிடெட்தான் மேடம், ஸ்பீடுக்கு மட்டும்தான் லிமிட்" என்று பல்லைக் காட்டினான். டிக்கெட் வாங்கினவனைப் பாதி வழியில் இறக்கிவிட்டு, மீதியை நடந்து வா, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம், அதற்கு லிமிட் இல்லை என்று நான் சொல்லியிருந்தால் பயணிகள் என்னைப் பஸ்ஸோடு கொளுத்தியிருப்பார்கள் என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியாக ஒன்று கேட்டேன், எங்கள் வீட்டுக்கு டவர் எந்தத் திசையில் இருக்கிறது என்று. தெரியவில்லை. பெட்டி எத்தனை நிறத்தில் வருகிறது என்று மட்டும் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தான்.

டேட்டா எப்படி ஒன்பதே நாளில் தீர்ந்தது என்று நீ கேட்பாய். உன் அப்பா. நெட் வீடியோவில் யாரோ ஒருவன் சேறு பிடித்த கம்பளத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறான், இவர் அதைப் பெரிய டிவியில் பளிங்கு மாதிரிப் படத்தில் நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். ரிடையர் ஆன மனிதர், சொந்த வீட்டில் ஒரு கால்மிதியை உதறிப் போட்டதில்லை, ஊரான் கம்பளம் வெளுக்கிறதா என்று அத்தனை கவலை. நான் எதுவும் கத்தவில்லை. தச்சர் கதையை மட்டும் சொன்னேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் டிவியின் வயரைப் பிடுங்கிவிட்டார்.

இந்த விஷயத்தில் நம் வீட்டுப் படி மூளையோடு ஏறிய ஒரே ஆள், டிவிக்கு டிஷ் மாட்டுகிற மெக்கானிக்தான். நான் திருப்பத்தைச் சொன்னதும் மொட்டை மாடியில் போனை வைத்துக்கொண்டு நாலு மூலைக்கும் நடந்தார். பீரோவுக்குப் பின்னால் வைத்தால் இரும்பு சிக்னலைத் தின்றுவிடும், மில்லின் தகர ஷெட் வேறு நடுவில் மறைக்கிறது, பத்தடி உயர்த்தினால் தாண்டிவிடலாம் என்றார். இரும்புக் குழாய் நட்டு, அதில் வெளி ஆன்டெனா மாட்டி, திருப்பத்தைப் பார்த்துத் திருப்பி, ஜன்னல் வழியாக வயரை இறக்கிப் பெட்டியில் செருகினார். உன் அப்பா வெயிலில் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நூல் நூலாகத் திருப்பினார், உன் தங்கை கீழே லேப்டாப்பைப் பார்த்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்துங்கப்பா என்று குரல் கொடுத்தாள். இரண்டு மணி நேரம், ஒரு முனகல் இல்லை. கூட்டம் குறைந்த வேறு கம்பெனி சிம் ஒன்று அவள் வேலைக்கு மட்டும் தனியாகப் பெட்டியில் போட்டோம். எச்சரிக்கை இப்போது என் போனுக்கு வருகிறது, எனக்குப் படிக்கத் தெரியும். அப்பா பழைய சிம்மைத் தன் போனில் போட்டுக்கொண்டு மங்கல் படத்தில் பார்க்கிறார். அதில் கம்பளம் எது சேறு எது என்று அவருக்கே தெரிவதில்லை, ஆனாலும் விடுவதாக இல்லை. இருபது நாளாக உன் தங்கையின் படம் ஒரு முறைகூட நிற்கவில்லை. ஏற்பாட்டு அம்மாள் வாரத்தில் ஒரு நாள் அதிகமாகக் கேட்கிறார்.

போன வாரம் அந்தத் தச்சர் கட்டு மாற்ற வந்தாராம். இவள்தான் வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்திருக்கிறார். காது கேட்காதவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்குக் கையாலேயே ஒரு பெயர் வைப்பார்களாம், காது கேட்கிறவர்களுக்கு லேசில் வைக்க மாட்டார்களாம். இவளுக்கு ஒன்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னவென்று உன்னிடம் அவளே காட்டட்டும், நான் எழுதினால் வெறும் எழுத்தாகப் போய்விடும்.

ஆகவே வீட்டைப் பூட்டுகிற பேச்சை இனி எடுக்காதே. அங்கிருந்து புதுப் பெட்டி வாங்கி அனுப்புவதாகச் சொன்னாயே, அதுவும் வேண்டாம். உனக்கு உடம்பு சௌக்கியமும் மனசில் தெளிவும் எப்போதும் இருக்கட்டும், எடுத்த காரியம் கைகூடட்டும். வாயில் வருகிற வார்த்தை வருவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று வரட்டும் என்றும் சேர்த்தே வாழ்த்துகிறேன். மறக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. என்னையோ அப்பாவையோ கேட்காதே, நேராகத் தங்கையைக் கேள். அவள் வேலையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேள். பதில் நீளமாக வரும், மீட்டிங் என்று வைத்துவிடாமல் முழுதாகக் கேள். நெட் இப்போது தாங்கும்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா